அப்பாவின் பழைய ஹைலக்ஸ்

மொழிக் கழக ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு அழைத்த தம்பி, "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கண்ணே. காதல் மட்டும் வேண்டாம், நிறைய வந்துடுச்சி" என்றார். அப்படியானால் எங்கள் வீட்டு வண்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். தொலைபேசியில் சிறிது நேரம் அமைதி. பிறகு, "காடியைப் பத்தியா? அதைத் தமிழ்ல எழுத முடியுமாண்ணே?" என்று கேட்டார்.

முடியும் என்பதற்கு எழுத்துமூலச் சான்றே என்னிடம் இருக்கிறது. அது ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்பார்களே, சட்டைப்பைக்குள் அடங்கும் அதே குறிப்பேடுதான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை மட்டுமே படித்த என் அப்பா, ஒரு டீசல் வண்டியின் கதையை இருபது ஆண்டுகளாக அதில் தமிழில் எழுதி வந்திருக்கிறார். ஐந்து புத்தகங்கள் நிரம்பி, இப்போது ஆறாவது ஓடுகிறது. தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, செலவான வெள்ளி எல்லாம் அதில் உண்டு. "நோசல் நாலும் கழற்றிச் சோதனை. மூன்றாவது ஒழுகல்." "முன் அச்சு எண்ணெய் மாற்று. தண்ணீர் இல்லை." இப்படிப் போகும் வரிகளுக்கிடையே மாதம் ஒருமுறை, தவறாமல் ஒரே வரி வரும்: "நாலும் சுற்றியது."

அந்த ஒரு வரியின் பொருள் எனக்குப் புரிய வெகு காலம் ஆனது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பாரோயில், கோலப்பிலா சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் தாமானில் எங்கள் வீடு. வாசலில் நிற்பது 1995ஆம் ஆண்டு டோயோட்டா ஹைலக்ஸ். தெரிந்தவர்கள் எல்என்106 என்பார்கள். 2,779 சிசி கொள்ளளவுள்ள '3எல்' டீசல் இயந்திரம்; டர்போ இல்லை. முன்னும் பின்னும் உறுதியான முழு அச்சு, அதன்மேல் பட்டை ஸ்பிரிங். இன்றைய பிக்கப் வண்டிகளின் சொகுசு எதுவும் கிடையாது. மேட்டில் ஏறும்போது பின்னால் வரும் மைவி ஹாரன் அடிக்கும். அதைப் பற்றி அப்பா ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

அப்பா தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். டிரெக்டர், லோரி, துரையின் லேண்ட்ரோவர் எல்லாம் அவர் கையில்தான் பழுது பார்க்கப்பட்டன. 2003இல் தோட்டத்தின் முன்பகுதி வீடமைப்புக்காக விற்கப்பட்டது. பின்பகுதியில் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயங்கள் இடிக்கப்பட்டன. நடுக்காட்டில் மாரியம்மன் கோயில் மட்டும் நின்றது. இழப்பீட்டுப் பணத்தில் பாரோயில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டிய அப்பா, மறு ஆண்டே மிச்சத்தைக் கொண்டு போய் மந்தினில் ஒரு சீனத் தவுக்கேயிடம் இந்தப் பழைய வண்டியை வாங்கி வந்தார்.

அம்மா வாசலில் நின்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "மண்ணு ரோட்ட விட்டு வெளிய வந்தாச்சி. தாரு ரோடு வாசப்படி வரைக்கும் இருக்கு. இப்ப எதுக்குங்க நாலு சக்கரமும் இழுக்குற வண்டி?"

அப்பா பதில் சொல்லவில்லை. முன் சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்பைக் கையால் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. முதல் வேலையாக அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவைத் தேய்த்து எடுத்தார். முதல் 555 புத்தகத்தின் முதல் வரி அதுதான்: "ஹப் இரண்டும் இறுகல். கழற்றிக் கழுவி கிரீஸ்."

இந்த வகை வண்டி தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இதில் சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். சேற்றில் இறங்குமுன் ஓட்டுநர் இறங்கி, முன் சக்கர ஹப் இரண்டையும் 'லாக்' பக்கம் திருப்பி, உள்ளே வந்து சிறிய கியர் கம்பியைப் போட்டால்தான் நான்கும் இழுக்கும். காய்ந்த தார்ச் சாலையில் இதைப் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆகவே நகரத்தில் வாழும் இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் அந்தக் கம்பி ஆண்டுக்கணக்கில் தொடப்படுவதே இல்லை. தொடாத இரும்பு துருப்பிடிக்கிறது.

அப்பா ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போவார். நானும் போவேன். செம்பனைக் காட்டுக்குள் கோயிலுக்கு ஏறும் செம்மண் மேட்டில் வண்டியை நிறுத்தி, ஹப்பைத் திருப்பி, கம்பியைப் போட்டு, என்னைக் கீழே இறங்கச் சொல்வார். "முன் சக்கரம் கல்லத் தட்டி விடுதான்னு பாரு." நான் பார்த்துக் கையை உயர்த்துவேன். இரண்டு நிமிட வேலை. பிறகு கோயிலில் சூடம் ஏற்றிவிட்டு வீடு திரும்புவோம். நான் அதை ஒரு வேண்டுதல் என்றே நினைத்திருந்தேன்.

* * *

பல்கலைக்கழகம் சென்றதும் எனக்கு வண்டிப் பித்து பிடித்தது. இயந்திரப் பொறியியல் படிப்பு வேறு. நம் நாட்டில் 1997 முதல் மழைக்காலக் காட்டுக்குள் நடத்தப்பட்டு வந்த 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போட்டியின் படங்களை விடுதி அறையில் பார்த்துக்கொண்டே இருப்போம். தலை உயரச் சக்கரம், கூரை வரை சேறு, முன்னால் வின்ச். விடுமுறையில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் என் பட்டியலை நீட்டினேன். நான்கு அங்குலம் உயர்த்த வேண்டும், 33 அங்குல டயர் போட வேண்டும், டர்போ ஏற்ற வேண்டும், வின்ச் வேண்டும், கூரை விளக்கு வேண்டும்.

அப்பா ஒரு புதிய 555 புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் இடப்பக்கம் நான் கேட்டதை எழுதினார். வலப்பக்கத்தில் 'கடன்' என்று தலைப்பிட்டார். "நீ கேக்குறது எல்லாம் செய்யலாம். எதுக்கு எவ்வளவு கடன்னு மட்டும் நீ சொல்லு" என்றார்.

எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னார், நான் எழுதினேன்.

பெரிய டயர் போட்டால் வண்டி உயரும், சேற்றில் மிதக்கும். கடன்: ஏற்கெனவே மெதுவான இயந்திரத்துக்குப் பல்விகிதம் இன்னும் கனமாகும், பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும், சக்கர பேரிங் சீக்கிரம் தேயும். 29 அங்குலத்திலிருந்து 31க்குப் போனாலே வேகமானி 80 காட்டும்போது உண்மையில் 85 ஓடும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாறை தட்டாது. கடன்: பிரேக் ஹோஸ் எட்டாது, புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும், குறுக்குக்காற்றில் வண்டி ஆடும். இவற்றை விட முக்கியமான ஒன்று உண்டு. பின் அச்சின் மேல் ஒரு சிறு வால்வு இருக்கிறது. வண்டியில் சுமை ஏறி உடம்பு தாழும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. நாம் வண்டியை உயர்த்திவிட்டால், சுமையே இல்லை என்று அது எப்போதும் நினைத்துக்கொள்ளும். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு புக்கிட் புத்துஸ் இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். அந்த வால்வின் கம்பியையும் அதே அளவுக்கு உயர்த்திப் பொருத்த வேண்டும். இதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

டர்போ என்றதும் அப்பா பேனாவை மூடிவிட்டார். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. இந்த இயந்திரம் காற்றை ஏறத்தாழ இருபத்திரண்டு மடங்கு நெருக்குகிறது. அதற்குமேல் டர்போவும் காற்றைத் திணித்தால் சூடு கூடும். இந்தக் குடும்பத்து இயந்திரங்களுக்குச் சூடுதான் எமன், ஹெட் வெடித்துவிடும். "எரநூறு குதிரை வேணும்னா வேற வண்டி வாங்கு. இது தொண்ணூறு குதிரை. தொண்ணூறும் நம்ம பேச்சக் கேக்கும்" என்றார்.

இறுதியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: 31 அங்குல டயர், இரண்டு அங்குல உயர்வு, பழையதாக ஒரு வின்ச். உயர்வு, டயர் ஆகியவற்றுக்கு ஜேபிஜே அனுமதி வாங்கும் வரை அப்பா வண்டியை வாசலை விட்டு நகர்த்தவில்லை. "போலீஸ்காரனுக்குப் பயந்தில்ல. மோதுனா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல இதத்தான் பாப்பான்." கூரை விளக்கு மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை.

* * *

2012ஆம் ஆண்டு செமஸ்டர் விடுமுறையில் ஒருநாள் அப்பாவிடம் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு லெங்கெங் பக்கம் போனேன். முந்தைய இரவு மழை. வழியில் ஓர் ஆறு. இதற்கு முன் இரண்டு முறை கடந்த ஆறுதான். நண்பன் ஒருவன் கரையில் இருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் இரு பக்கமும் சிறகு மாதிரி எழ வேண்டும் என்பதற்காக வேகமாக இறங்கினேன். எழுந்தது. படமும் நன்றாக வந்தது. அடுத்த நொடி தண்ணீர் பானட்டின் மேல் ஏறி, காற்று உறிஞ்சும் வாய்க்குள் போனது. இயந்திரம் ஒரு முனகலோடு நின்றது.

அங்கே நான் செய்தது, என் வாழ்நாளில் செய்த முட்டாள்தனங்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது. சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினேன்.

காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் ஏதாவது ஒன்று வளைந்தே ஆக வேண்டும். வளைந்தது கனெக்டிங் ராட். முறைப்படி செய்திருக்க வேண்டியது வேறு. சாவியைத் தொடாமல் வண்டியை இழுத்துக் கரையேற்றி, நான்கு குளோ பிளக்கையும் கழற்றி, அதன் பிறகு இயந்திரத்தைச் சுற்றவிட்டால் அந்தத் துளைகள் வழியே தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மாற்றி, மறுபடி மூட்டினால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டுப் பொறியியல் மாணவனான எனக்கு இதற்கான சூத்திரம் தெரியும். செய்ய வேண்டிய வேலை தெரியாது.

இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து, இரவு பத்து மணிக்குப் பாரோய் வந்து சேர்ந்தோம். அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விளக்கைப் பிடித்து எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "எறங்குறதுக்கு முன்னாடி நடந்து பாத்தியா?"

இல்லை என்றேன்.

"வண்டி போறதுக்கு வாங்கலடா. திரும்பி வர்றதுக்கு வாங்குனது" என்றார். அன்றிரவுதான், வண்டிக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, பெரியத்தையின் கதையைச் சொன்னார்.

1979 மழைக்காலம். அப்பாவுக்குப் பதினெட்டு வயது, பட்டறையில் எடுபிடி. அவருடைய அக்காவுக்கு, அதாவது என் பெரியத்தைக்கு, லயத்தில் நள்ளிரவில் இடுப்புவலி கண்டது. குழந்தை புரண்டிருக்கிறது, சிரம்பான் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டார். லோரி அந்த மழையில் மேடு ஏறாது. தாத்தா பங்களாவுக்கு ஓடி, துரையை எழுப்பி, லேண்ட்ரோவரைக் கேட்டு வாங்கினார். துரை மறுக்கவில்லை. சாவியைக் கொடுத்தார். பின்னிருக்கையில் பெரியத்தையைக் கிடத்திக்கொண்டு டிரைவரும் அப்பாவும் புறப்பட்டார்கள்.

கோயில் மேட்டில் வண்டி வழுக்கியது. லேண்ட்ரோவரில் முன் சக்கரங்களை இணைக்க மஞ்சள் குமிழ் வைத்த ஒரு கம்பி உண்டு. அதை அமுக்க வேண்டும். டிரைவர் அமுக்கினார். அது இறங்கவில்லை. துரையின் வண்டி நாள்தோறும் நல்ல சாலையில் மட்டுமே ஓடியது. அந்தக் கம்பியை எத்தனை மாதமாக யாரும் தொடவில்லையோ, கீழே இணைப்பு முழுவதும் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று பட்டறையில் யாருக்கும் தோன்றவில்லை. நான்கு சக்கர வண்டி, ஆனால் அன்றைக்கு இரண்டு சக்கரம்தான் சுற்றியது. டிரெக்டரைக் கொண்டு வந்து இழுத்து வெளியேற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெரியத்தை பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. அதன் பிறகு அவருக்குப் பிள்ளை இல்லை.

"யாரையும் குத்தம் சொல்ல முடியாது. வண்டி இருந்துச்சி, கேட்டதும் குடுத்தாங்க. எண்ணெய் போடாத கை என்னோடதுதான்" என்றார் அப்பா. எடுபிடிப் பையனுக்கு யாரும் சொல்லாத வேலை அது என்று நான் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

* * *

அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பூட்ட எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. வார இறுதிகளில் கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி வருவேன். என் கல்விக் கடன் பணத்தில் ஒரு பகுதி அதில் போனது. வகுப்பில் கற்றதற்கும் அந்த நான்கு மாதங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை எழுதினால் என் விரிவுரையாளர்கள் வருந்துவார்கள்.

முதல் பாடம், கழற்றுவதற்கு முன் கழுவு. வெளியே ஒட்டிய ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால் ஆயிரம் வெள்ளி வேலை கெட்டுவிடும். இரண்டாவது, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே தட்டில் வை. மூன்றாவது, எது கெட்டது என்பதோடு நிறுத்தாமல் ஏன் கெட்டது என்று கேள். கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது; ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். "அது அறுந்துதான் நமக்குத் தெரியணுமா?" என்று கேட்டுவிட்டு, நன்றாக இருந்த பெல்ட்டையும் மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பெடுத்தோம்.

பிறகு முன் அச்சு. முழு அச்சு வண்டிகளில் முன் சக்கரம் திரும்பும் இடத்தில் இரும்பு உருண்டை போன்ற ஒரு கூடு இருக்கும். அதற்குள் சுழல் மூட்டு கிரீஸில் புதைந்திருக்கும். உள்சீல் தேய்ந்தால் அச்சு எண்ணெய் அந்தக் கூட்டுக்குள் கசிந்து கிரீஸைக் கஞ்சியாக்கிவிடும். அந்தக் கஞ்சி வெளியே வழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக ஒட்டும். நம் வண்டிகளில் இதைப் பார்த்தும் 'பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறோம். அப்பா இரண்டு பக்கத்தையும் பிரித்து, கூம்பு வாஷர்களைப் பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்து, சீல் மாற்றி, புதிய கிரீஸ் அடைத்தார். இரும்புச் சுத்தியால் தட்டினால் ஸ்டட்டின் மரை நசுங்கும். அதனால்தான் பித்தளை.

ஆற்றைக் கடக்க இரண்டு வேலைகள் செய்தோம். ஒன்று ஸ்நோர்க்கல். காற்று உறிஞ்சும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டு போகும் குழாய். இந்தப் பழைய டீசலில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சொற்பம். எரிபொருளைத் திறந்து பிடிக்கும் ஒரு சிறிய சொலினாய்டுக்கு மட்டும் போதும். ஆகவே மூச்சு விட வழியிருந்தால் தண்ணீரிலும் அது ஓடும். இரண்டாவது வேலை கண்ணுக்கே தெரியாது. அச்சுப் பெட்டிகளுக்கு மூச்சுத்துளை உண்டு. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூச்சுத்துளையில் ரப்பர் குழாய் மாட்டி, பானட்டுக்குள் உயரத்தில் கொண்டு போய்க் கட்டிவிட்டால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். இருபது வெள்ளி கூட ஆகவில்லை. ஸ்நோர்க்கலைப் பார்த்துப் பலர் பாராட்டினார்கள். குழாயை இன்றுவரை யாரும் கவனித்ததில்லை.

கடைசியாக, ஒரு மண்வெட்டிக் காம்பை எடுத்து, வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, முன் விளக்கின் கீழ்விளிம்பு உயரத்தில் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டார். "இறங்கி நட. தண்ணி இந்தக் கோட்டத் தாண்டுனா வண்டியத் திருப்பு. யாரு என்ன சொன்னாலும் திருப்பு."

* * *

அந்தக் காம்பு 2021 டிசம்பரில் தேவைப்பட்டது. 18ஆம் தேதி சனிக்கிழமை பெய்த மழையில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது நினைவிருக்கும். நெகிரி செம்பிலானிலும் பல இடங்களில் வெள்ளம். மறுநாள் காலை நாங்கள் மூன்று பேர் ஹைலக்ஸில் உணவுப் பொட்டலங்களும் கயிறும் ஏற்றிக்கொண்டு ஷா ஆலமுக்குப் புறப்பட்டோம். நாடெங்கிலுமிருந்து நான்கு சக்கர வண்டிக்காரர்கள் அப்படிப் போனார்கள். சில சாலைகள் மூடப்பட்டிருந்ததால் சுற்றிச் சுற்றித்தான் போக முடிந்தது.

முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற ஒரு தெருவில் மூன்று முறை உள்ளே போய் ஆட்களை ஏற்றி வந்தோம். நடக்கும் வேகத்தில், நிற்காமல், முன்னால் எழும் அலையைத் தாண்டாமல் ஓட்டினேன். நான்காவது முறை, அடுத்த தெருவின் கோடியில் தன் தாயார் இருப்பதாக ஒருவர் வந்து கெஞ்சினார். நான் இறங்கிக் காம்போடு நடந்தேன். பத்தடிக்குள் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. ஓட்டமும் இருந்தது. ஓடும் தண்ணீர் கதவு உயரத்துக்கு வந்தால் வண்டி மிதக்கத் தொடங்கும். மிதக்கும் வண்டிக்கு எத்தனை சக்கரம் இழுத்தாலும் ஒன்றுதான்.

"முடியாதுண்ணே, படகு வேணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் என்னோடு இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் வந்த இன்னொரு வண்டி துணிந்து உள்ளே போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. பிறகு வந்த படகு முதலில் அந்த வண்டியில் இருந்தவர்களை இறக்கிவிட்டுத்தான் தெருக்கோடிக்குப் போக முடிந்தது. அந்த அம்மாவை மாலையில் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். நான் செய்தது சரி என்று தெரியும். சரி என்று தெரிவதால் அந்தப் பார்வை மறந்துவிடுவதில்லை. 1979இல் அப்பாவுக்கு நேர்ந்ததில் ஒரு துளி எனக்கும் கிடைத்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நள்ளிரவில் வீடு வந்ததும் அப்பா, "எத்தன பேர ஏத்துன?" என்று கேட்கவில்லை. "அச்சு எண்ணெயப் பாரு" என்றார். அடைப்பானைக் கழற்றினோம். தேன் நிறத்தில் சுத்தமாக வந்தது. பிரேக் டிரம்மைக் கழற்றி வண்டலைக் கழுவினோம். சேற்றுத் தண்ணீரில் போன வண்டியின் டிரம்முக்குள் தங்கும் மண், பிரேக் கட்டையை ஒரு வாரத்தில் அரைத்துவிடும். விடிந்ததும் 555இல் எழுதினார்: "வெள்ளத்தில் ஓடியது. தண்ணீர் இல்லை. நாலும் சுற்றியது."

* * *

இப்போது வண்டியை வைத்திருப்பது எளிதாக இல்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆக ஒரே நாளில் ஏறியபோது, வீட்டில் மறுபடியும் அந்தப் பேச்சு எழுந்தது: விற்றுவிடலாமா? பழைய வண்டிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. டீசலில் கலக்கும் செம்பனை எரிபொருளின் அளவு 2019இல் பத்து விழுக்காடானது. அது டாங்கியின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும் அழுக்கைக் கரைத்துக் கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும், ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் நாங்கள் ஃபில்டரைச் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றுகிறோம். அதன் அடித்திருகைத் தளர்த்தி மாதந்தோறும் தண்ணீரை இறக்குகிறோம். தோட்டத்தில் இருபது ஆண்டுகள் உதிரிப்பழம் பொறுக்கிய அம்மாவுக்கு இதைச் சொன்னபோது சிரித்தார். "நான் முதுகு ஒடியப் பொறுக்குனது கடைசியில இவரு காடியிலதான் எரியுதா?" அதற்குப் பிறகு விற்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

அப்பாவுக்கு இப்போது கண் புரை. ஸ்பேனர் பிடிக்கும் கை நடுங்குகிறது. ஆறாவது புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். 'ஒழுகல்', 'இறுகல்', 'முறுக்கம்', 'தேய்மானம்', 'ஆட்டம்' என்று அவர் பட்டறையில் கற்ற சொற்கள் எல்லாம் என் பாடப்புத்தகங்களில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தவை. தம்பி கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில்.

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். எழுபது வயதைத் தாண்டிய பெரியத்தை, தானும் வருவதாகச் சொல்லி முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த மேட்டுக்கு அவர் எங்களோடு வருவது அதுவே முதல் முறை. இரவு மழை பெய்திருந்தது. மேட்டின் அடியில் நிறுத்தி, ஹப்பைத் திருப்பினேன். நான் சிறுவனாக நின்று பார்த்த இடத்தில் இப்போது அப்பா இறங்கி, குனிந்து, சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். கம்பியைப் போட்டுக் கிளட்சை விட்டேன். செம்மண்ணும் கல்லும் முன்பக்கமிருந்து தெறித்தன. வண்டி மெல்ல ஏறியது.

"சுத்துதாடா?" என்று பெரியத்தை சன்னல் வழியே அப்பாவைக் கேட்டார்.

"சுத்துதுக்கா" என்றார் அப்பா.

பெரியத்தை வேறொன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்த பூத்தட்டைச் சரிசெய்துகொண்டார். வீடு திரும்பியதும் புத்தகத்தை எடுத்துத் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, வழக்கமான வரியையும் எழுதினேன்.